படுத்துக் கிடந்தவனுக்கும் ஒரு பங்கு

மனித உரிமையை இந்த உலகத்தில் முழுசாகப் படித்து முடித்தவன் ஒரே ஒருவன்தான். கிளிஞ்சல்மேட்டுப் பங்கு. அவனுக்குப் பாடம் நடத்திய பேராசிரியர்கள் உட்பட மற்ற எல்லோரும் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறோம்.

வீட்டில் வைத்த பெயர் ஒன்று அவனுக்கு உண்டு. பாஸ்போர்ட்டைத் தவிர வேறெங்கும் அது பயன்பட்டதாகத் தெரியவில்லை. கையில் எது கிடைத்தாலும் பங்கு போடுவான், அதனால் கல்லூரியிலேயே அவன் பங்கு ஆகிவிட்டான். காரைக்காலில் கோவில்பத்துக்காரனான நானும் கிளிஞ்சல்மேட்டுப் படகுக்காரர் மகனான அவனும் உதவித்தொகை கிடைத்து, மனித உரிமையில் முதுகலை படிக்க ஒன்றாக விமானம் ஏறினோம். இரண்டு வருடம், மூன்று நாடு: நார்வே, ஸ்பெயின், இங்கிலாந்து.

விமானத்தில் கொடுத்த கேக்கை பிளாஸ்டிக் கத்தியால் மூன்றாக வெட்டினான். "உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு, படகுக்கு ஒண்ணு" என்றான். பிடித்த மீனில் ஆட்களுக்குப் போக படகுக்கும் தனிப் பங்கு உண்டு என்பது அவர்கள் ஊர்க் கணக்கு. விமானத்தின் பங்கை அவன் பணிப்பெண்ணிடம் நீட்ட, அவரும் மறுக்கத் தெரியாமல் வாங்கித் தின்றுவிட்டார்.

நார்வே விடுதியில் பன்னிரண்டு பேருக்கு ஒரே சமையலறை. பன்னிரண்டு பேரும் மனித உரிமை மாணவர்கள், ஆனால் பாத்திரம் கழுவ ஓர் ஆள் கிடையாது. தன் சீஸ் காணாமல் போனது மனித மாண்பின் மீதான தாக்குதல் என்று ஒருத்தி ஃப்ரிட்ஜில் அறிக்கை ஒட்டினாள். பசியும் உரிமைதான் என்று பக்கத்திலேயே ஒருவன் மறுப்பறிக்கை ஒட்டினான். ஒரு வாரத்தில் எச்சில் தட்டுகள் கூரையைத் தொட்டன.

பங்கு விவாதத்துக்கே போகவில்லை. மீனைக் கூறு வைப்பதுபோல் எல்லாத் தட்டுகளையும் தரையில் பன்னிரண்டு கூறாக வைத்தான். என்னைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொல்லி, ஒவ்வொரு கூறாகத் தொட்டு "இது யாருக்கு?" என்றான். நான் திரும்பிப் பார்க்காமல் வாய்க்கு வந்த பெயரைச் சொன்னேன். இருப்பதிலேயே பெரிய கூறு அவனுக்கே விழுந்தது. சட்டைக் கையை மடித்துக்கொண்டு முதல் ஆளாகக் கழுவ ஆரம்பித்தான், மற்றவர்கள் வெட்கப்பட்டுப் பின்னால் வரிசையில் நின்றார்கள்.

பிறகு குளிர்காலம் வந்தது. அங்கே மதியம் மூன்று மணிக்கே இருட்டிவிடும். எனக்கு என்ன ஆனதென்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ஒருநாள் போர்வையை விட்டு எழ முடியவில்லை, மறுநாளும் முடியவில்லை, அப்படியே ஆறு வாரம் போனது. வீட்டுக்கு ஃபோன் செய்து நன்றாகப் படிப்பதாகச் சொல்லிவந்தேன். பங்கு ஒன்றும் கேட்கவில்லை. சால்மனில் புளி கரைத்துக் குழம்பு வைத்துத் தலைமாட்டுக்குக் கொண்டுவருவான். நான் கேட்கிறேனா என்றுகூடப் பார்க்காமல் அன்றைய பாடத்தை உரக்க வாசிப்பான். கடைசியில் என்னை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனவனும் அவன்தான்.

அந்தப் பருவத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து ஓர் அறிக்கை எழுதவேண்டும். மொத்தத்தையும் அவனே எழுதி இரண்டு பெயரையும் போட்டான். திருட்டுத்தனம் செய்கிறவன் மறைக்கவாவது செய்வான். இவன் அடிக்குறிப்பே போட்டிருந்தான்: இரண்டாமவர் உடம்பு முடியாமல் படுத்திருந்தார், அவருடைய பங்கு அவருக்குத் தரப்பட்டது.

கள ஆய்வுக்காகக் காரைக்கால் வந்திருந்தபோது பல்கலைக்கழகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. வேலை செய்யாதவனுக்குப் பெயர் கொடுத்தது பெரிய குற்றமாம், வீடியோவில் விசாரணையாம். குற்றம் உறுதியானால் இருவருடைய உதவித்தொகையும் ரத்து. அதோடு எங்கள் படிப்பும் முடிந்துவிடும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று ஒரு வரி சொல்லிவிடு என்று அவனிடம் கெஞ்சினேன்.

"தெரிஞ்சுதானடா செஞ்சேன்" என்றான்.

கிளிஞ்சல்மேட்டில் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கிற இடம் வலை பின்னும் கூடம். அங்கே உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தோம். பின்னால் அவன் அப்பாவும் நான்கு பேரும் கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் யார் என்று விசாரணைக் குழுத் தலைவியான பேராசிரியை கேட்டார். படகு ஆட்கள் என்று பங்கு பணிவாக ஆங்கிலத்தில் சொல்ல, அவர் அதையும் குறித்துக்கொண்டார். வேலை செய்யாதவருக்குப் பெயர் கொடுத்தீர்களா என்று அடுத்து கேட்டார். ஆமாம் என்றான்.

"என்னா கேக்குறாங்க அந்தம்மா?" என்றார் அவன் அப்பா. மெல்லச் சொன்னேன். ஊசியை வலையில் செருகிவிட்டு எழுந்து வந்து கேமராவுக்கு நேராகக் குனிந்தார்.

"அம்மா, படகுக்கே வராதவனுக்குப் பங்கு குடுத்தா தப்புதாங்க. படகுல ஏறி வந்து, நடுவுல முடியாம படுத்துட்டவன் பங்க நாங்க எடுத்துக்க மாட்டோம். இந்தத் தம்பி ரெண்டுல எதுன்னு விசாரிங்க."

அதை ஆங்கிலத்தில் சொல்லவேண்டியவன் நான். சொல்லி முடித்தேன், ஆனால் அதோடு நிறுத்தவில்லை. அந்த ஆறு வாரத்தைப் பற்றி டாக்டரைத் தவிர யாரிடமும் வாய் திறந்ததில்லை. அன்றைக்குத்தான் திறந்தேன். போர்வை, இருட்டு, வீட்டுக்குச் சொன்ன பொய் எல்லாவற்றையும் சொல்லி, படுத்துக் கிடந்தவன் நான்தான் என்று முடித்தேன். ஆங்கிலம் புரியாத நான்கு பேரும் வலையை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பேராசிரியை அதையும் குறித்துக்கொண்டார். பிறகு தீர்ப்புச் சொன்னார்: உதவித்தொகை இருவருக்கும் தொடரும், நான் தனியாக ஓர் அறிக்கை எழுதித் தரவேண்டும், விதியை மீறியதால் பங்குக்குப் பாதி மதிப்பெண்தான்.

"மார்க்கையும் பங்கு போட்டுட்டாங்க, மாப்ள" என்றான். பல மாதம் கழித்து அன்றுதான் நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

பங்கு இப்போது கடலோர மக்களின் உரிமைக்காக நாடு நாடாகச் சுற்றுகிறான். எங்கே சாப்பிட்டாலும் எனக்கென்று ஒரு பங்கு எடுத்துவைத்துப் படம் அனுப்புவான். அடுத்த நிமிடம் அதையும் அவனே தின்றுவிடுகிறான் என்பது எனக்குத் தெரியும். என் பட்டச் சான்றிதழ் கோவில்பத்து வீட்டில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. வருகிறவர்கள் பார்த்துப் பாராட்டுகிறார்கள். அதில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் ஒரு பெயர் விட்டுப்போனதாகவே எனக்குத் தோன்றுகிறது.