சனிக்கிழமை ஆறு மணி எதிரி

மூன்றாவது சனிக்கிழமையும் சாவுனா என்ற நீராவிக் குளியலறையின் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. தோளில் துண்டும் கையில் பீர் பாட்டிலுமாகக் கலெர்வோ அடித்தளத்து நடையில் நின்றான். உள்ளே சூடான கற்களில் தண்ணீர் விழுந்து 'ஸ்ஸ்' என்றது. எவனோ ஒருவன் நீராவிக்குள் சுகமாகப் பாடிக்கொண்டிருந்தான்.

பின்லாந்தின் தம்பெரே நகரத்து அடுக்குமாடிகளில் பொதுச் சாவுனாவுக்குச் சனிக்கிழமை மாலை ஆறு மணி முறை என்பது லேசில் கிடைக்கிற சமாச்சாரம் இல்லை. ஆண்டுக்கணக்கில் காத்திருந்தும் கிடைக்காமல் வேறு ஊருக்குப் போனவர்கள் உண்டு. கலெர்வோ போன மாதம் இந்த வீட்டை வாங்கியதே அந்த முறை வீட்டோடு ஒட்டிக்கொண்டு வந்ததால்தான். அதை இப்போது எவனோ அனுபவிக்கிறான்.

கதவைத் தட்டலாம். ஆனால் அம்மணமாக உட்கார்ந்திருப்பவனைத் தட்டிக் கூப்பிட்டு நியாயம் பேசுவது அந்த ஊரில் நடக்காத காரியம். மாடிப்படியில் வணக்கம் சொல்ல வேண்டிய யாரும் வரவில்லை என்று காதைத் தீட்டிக் கேட்டு உறுதிசெய்துகொண்டு கலெர்வோ வீட்டுக்கு ஏறினான்.

கணினியைத் திறந்து காதொலிப்பானைத் தலையில் மாட்டியதும் அக்கா மர்யுத் ஓலு நகரத்திலிருந்து பிடித்துக்கொண்டாள். இருவரும் தினமும் விளையாடுவார்கள். விளையாடுவதைவிட அதிகமாகச் சண்டை போடுவார்கள்.

"என்னடா, குளிச்சியா?"

"எங்கக்கா? இன்னிக்கும் எவனோ உள்ள."

"யாருன்னு கேட்டியா?"

"கேக்கறதா? எதிரி யாருன்னு தெரியாம வாயத் தொறக்கறவன் வியூக விளையாட்டுல பத்து நிமிஷம் தாங்கமாட்டான். வரைபடம் இருட்டா இருக்கு. மொதல்ல வேவு பாக்கணும்."

வியூக விளையாட்டுகளைப் பற்றிக் கலெர்வோவுக்கு அசைக்க முடியாத கருத்துகள் இருந்தன. படையைத் திரட்டு, இடத்தைப் பிடி, வாயை மூடு. அக்கா உயிரை விடும் கதாபாத்திர விளையாட்டுகளோ அவனுக்கு எட்டிக்காய்.

"உலகமே அழியப்போகுதாம். உன் வீரன் என்னடான்னா காணாமப் போன கோழியத் தேடிக்கிட்டு ஊர் ஊராத் திரியறான்!"

"அந்தக் கோழிக்காரன்தாண்டா அரக்கன எங்க குத்தணும்னு சொல்லுவான். ஊர்ல ஒவ்வொருத்தன்கிட்டயும் பேசணும். ரெண்டு தடவ பேசணும். ரெண்டாவது தடவதான் விஷயமே வெளிய வரும்."

"அதுல எனக்குப் பிடிச்சது ஒண்ணே ஒண்ணு. நாம சொல்ற பதில்ல கடைசியா ஒண்ணு வருமே, 'பேசாமல் விலகிச் செல்'னு. அது."

"பொறந்ததுலேருந்து நீ அதத்தான அமுக்கிக்கிட்டிருக்க."

அடுத்த சனிக்கிழமை கலெர்வோ முந்திக்கொண்டான். ஐந்தரைக்கே படையை நிறுத்திவிட்டால் எதிரி என்ன செய்வான்? கதவும் திறந்தே இருந்தது. உள்ளே தலை துவட்டிக்கொண்டிருந்த பெண்ணொருத்தி வீல் என்று அலறினாள். கலெர்வோ ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு அங்கேயே தங்கிவிட்டது.

"அஞ்சு மணிக்காரியோட முறைக்குள்ள போயிட்டேன்க்கா," என்றான் முகம் சிவக்க.

"வேவுகாரன் மாட்டிக்கிட்டானா?" என்று மர்யுத் விழுந்து விழுந்து சிரித்தாள்.

கொடி நாட்டினால் என்ன என்று தோன்றியது. எல்லையில் கொடி இருந்தால் எவனும் தயங்குவான். அதற்கடுத்த வாரம் தன் நீலக் குளியல் அங்கியைக் காலையிலேயே சாவுனாக் கதவின் கொக்கியில் மாட்டிவிட்டு வந்தான். மாலை ஆறுக்குப் போனால் கதவு தாழிட்டிருந்தது. பாட்டு வழக்கத்தைவிட உற்சாகமாகக் கேட்டது. அங்கியைக் காணோம்.

ஆத்திரம் ஒரு பக்கம் இருந்தாலும், அவன் யார் என்று தெரியாமல் கலெர்வோவுக்குச் சோறு இறங்கவில்லை. குண்டனா, ஒல்லியா? எந்த மாடி? இவ்வளவு துணிச்சல் ஒருவனுக்கு எங்கிருந்து வருகிறது? மின்தூக்கியில் கூட வருபவர்களின் குரலைக் கேட்கலாமென்றால் ஒருவரும் வாயைத் திறப்பதில்லை.

கடைசியில் கட்டட மேலாளருக்குப் புகார் அனுப்பினான். அவர் ஒவ்வொரு மாடியிலும் எச்சரிக்கை ஒட்டினார்: சனிக்கிழமை ஆறு மணிக்கு அத்துமீறிக் குளிப்பவர் உடனே நிறுத்தவும். அதுவரை எதிரே கண்டால் தலையையாவது அசைத்துக்கொண்டிருந்த கட்டடம் அதையும் விட்டுவிட்டது. தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று நான்காம் மாடிக்காரர் கோபித்துக்கொண்டு தன் வியாழக்கிழமை முறையையே எழுதிக்கொடுத்துவிட்டார்.

மேலாளர் தொலைபேசியில் வந்தார். "இந்த வாரத்துக்குள்ள நீங்களே பேசித் தீத்துக்கோங்க. இல்லன்னா அந்த ஆறு மணி முறைய எடுத்துக் குலுக்கல்ல விட்டுடுவேன்."

கலெர்வோ உடனே அக்காவைக் கூப்பிட்டான். "அக்கா, என் முறை போயிடும் போலிருக்கு."

"போய்ப் பேசுடா. நான் காதுலயே இருக்கேன். பயப்படாத."

கைப்பேசியின் காதொலிப்பானைக் காதில் செருகிக்கொண்டு, ஒரு கூடை இலவங்கப்பட்டை ரொட்டியோடு கலெர்வோ கிளம்பினான். முதல் மாடிக்காரர், "தெரியாது," என்று ரொட்டியை மட்டும் எடுத்துக்கொண்டார். இரண்டாம் மாடியில் கதவுத் துளை இருண்டது, பிறகு வெளுத்தது. கதவு திறக்கவில்லை.

மூன்றாம் மாடியில் டிராம் ஓட்டும் லஹ்யா சீருடையோடு வந்து நின்றாள்.

"சனிக்கிழமை ஆறு மணிக்குச் சாவுனால யாரு இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"யாரும் இல்லையே," என்றாள் லஹ்யா. கதவு சாத்தப்பட்டது.

"பொய் சொல்றாக்கா," என்று கலெர்வோ கிசுகிசுத்தான். "நானே காதால கேட்டிருக்கேன், யாரும் இல்லங்கறா. மொத்தக் கட்டடமும் கூட்டு."

"ரெண்டாவது தடவ பேசுடா!"

வாழ்நாளில் முதல்முறையாகக் கலெர்வோ ஒரே கதவின் மணியை இரண்டு தடவை அடித்தான். லஹ்யா புருவத்தைத் தூக்கிக்கொண்டு திறந்தாள். அவனுக்கு அடக்கிவைத்திருந்ததெல்லாம் பொங்கி வந்தது.

"யாரும் இல்லன்னா எப்படிங்க? வாராவாரம் நான் கீழ எறங்கிப் போறேன், உள்ள தாழ் போட்டிருக்கு, எவனோ பாடறான், என் செருப்பு போச்சு, அங்கி போச்சு. அது என் முறைங்க! எனக்கு நியாயம் வேணும்!"

"கீழயா?" என்றாள் லஹ்யா. அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கூடையிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்துக்கொண்டாள்.

"நம்ம சாவுனா ஏழாவது மாடியிலங்க, சனிக்கிழமை ஆறு மணிக்கு ஆளே இல்லாம வெந்துக்கிட்டுக் கெடக்கு, ரெண்டு கட்டடத்துக்கும் பொதுவான அடித்தளத்துல இருக்கறது பக்கத்துக் கட்டடத்துக்காரங்களோடது, அவங்கதான் பாவம், வாராவாரம் எவனோ பைத்தியக்காரன் துண்டோட வந்து வாசல்ல நிக்கறான்னு போலீசுக்குச் சொல்லியிருக்காங்க!"