எறும்புகளுக்குத் தெரிந்த இடம்

அன்றைக்கு நான் ஒரு சபதம் எடுத்தேன். உலகமே புரண்டாலும் சரி, இந்த பிலிம் சுருள் என் மனைவி சிவகாமசுந்தரியின் கையில் மட்டும் சிக்கக் கூடாது!

சாதாரணச் சுருள் என்று நினைத்துவிடாதீர்கள். ஐம்பத்தேழு ஆகஸ்டில் நாடு சுதந்திரம் பெற்ற நாள் அதற்குள் இருந்தது. எங்கள் மலாக்காவின் பண்டார் ஹிலிர் திடலில் புதுக் கொடி ஏறியதையும், பள்ளிப் பிள்ளைகள் ஊர்வலம் போனதையும், சிங்க நடனக்காரர்களுக்குப் பக்கத்திலேயே நம் நாதஸ்வரக்காரர் கன்னம் வெடிக்க ஊதியதையும் நானே என் கேமராவில் படம் பிடித்திருந்தேன். கொடி ஏறியபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கண் கலங்கியதில் எதிரே ஒன்றுமே தெரியவில்லை. ஆனாலும் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை.

அந்த நாள் இனி வராது. சுருள் கெட்டால் போனது போனதுதான். எங்கள் காஜா பெராங் வட்டாரம் முழுவதையும் வீட்டுக்குக் கூப்பிட்டுப் படம் காட்டுவதாக வேறு அளந்துவிட்டிருந்தேன். சுருளைக் கழுவ வெளிநாட்டுக்கு அனுப்பித் தரும் போட்டோ கடைச் சீன முதலாளி தவுக்கேயோ பினாங்குக்குப் போயிருந்தார். திரும்பிவர ஒரு வாரம் ஆகுமாம்.

"கொண்டாங்க, என் அலமாரியில வச்சுப் பூட்டுறேன்" என்றாள் சிவகாமி.

"உன் அலமாரியா? போன வருஷம் உள்ள போன என் டை இன்னும் வெளிய வரலை!"

"அது வந்தாச்சுங்க. பாவாடை நாடாவா இருக்கு."

"பார்த்தியா! இந்தச் சுருளை எடுத்து எந்தப் பாவாடைக்குக் கோப்பியோ!"

"சரி, டப்பாவைத் திறந்து ஒருதரம் பார்த்துக்கங்க."

"உனக்கென்ன தெரியும்? வெளிச்சம் பட்டா சுருள் செத்துடும். கழுவுறவன்தான் இனி இதைத் திறக்கணும்!"

"நீங்களும் திறக்க மாட்டீங்களா?"

"செத்தாலும் மாட்டேன்!"

"சரிங்க" என்று போய்விட்டாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து சிவகாமி என்னிடம் இவ்வளவு சுருக்கமாகத் தோற்றதே இல்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

டப்பாவை முதலில் அரிசி டின்னுக்குள் புதைத்தேன். விடிந்து பார்த்தால் சுவர் நெடுக எறும்பு வரிசை! சரி, அரிசிக்கு வந்திருக்கும் என்று நினைத்து, அவள் காய்கறி வாங்கப் பசாருக்குக் கிளம்பியதும் கொல்லைக்குக் கொண்டுபோய்க் கிணற்றடிக் கல்லுக்கு அடியில் வைத்தேன். மறுநாள் அங்கேயும் எறும்பு. கோழிக்கூண்டுக்கு மாற்றினேன். அங்கேயும் அதே கூட்டம். எனக்கு மெய்யாகவே பிரமிப்பாக இருந்தது. மெர்டேக்கா சுதந்திர ஊர்வலம் என்றால் எறும்புக்குக்கூட ஆசை வந்துவிடுகிறதே!

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பக்கத்து வீட்டு அப்பாசாமி குரல் கொடுத்தார்.

"அண்ணே, கூண்டுக்குள்ள தலையை விட்டு என்ன தேடுறீங்க?"

"முட்டை!"

"உள்ள சேவல்தானே அண்ணே இருக்கு?"

கடைசியில் ரம்புத்தான் மரத்தில் ஏறி, உச்சிக் கிளையில் டப்பாவைக் கட்டினேன். இறங்கும்போது இடுப்பிலிருந்த சாரோங் ஒரு கிளையில் மாட்டிக்கொண்டு, நான் மட்டும் இறங்கினேன்.

தவுக்கே திரும்பிய அன்று மரத்துக்குப் போனால் டப்பாவைக் காணோம். வீட்டுக்குள் ஓடினேன். சிவகாமி சமையலறையிலிருந்து டப்பாவைத் துடைத்தபடி வந்தாள்.

"ஒரே எறும்புங்க. அதான் இறக்கித் துடைச்சேன். திறந்தியான்னு கேட்காதீங்க, கடைக்குக் கொண்டுபோங்க."

எதையும் கேட்கும் நிலையில் நான் இல்லை. கடைக்கு ஓடினேன்.

சில வாரம் கழித்துப் படம் கழுவி வந்தது. தவுக்கேயிடம் புரொஜெக்டர் இரவல் வாங்கி, கூடத்துச் சுவரில் வேட்டியைக் கட்டினேன். கூடம் கொள்ளாத கூட்டம். வேட்டியில் கொடி ஏறியது. படம் பிடித்தபோது எனக்குச் சிலிர்த்ததில் கொஞ்சம் ஆடிக்கொண்டேதான் ஏறியது. அப்பாசாமி எழுந்தே நின்றுவிட்டார். நாமா இதைக் கண்ணால் பார்த்தோம் என்று எனக்கே நம்பமுடியவில்லை.

ஊர்வலம் முடிந்தது. படம் முடியவில்லை!

பளிச்சென்று வெயிலில் எங்கள் கொல்லை. டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு ஒருவன் திருட்டுமுழி முழிக்கிறான். கூண்டுக்குள் தலையை விடுகிறான். ஊருக்கு முதுகைக் காட்டியபடி வெகுநேரம் நிற்கிறான். பிறகு மரம் ஏறுகிறான். பிறகு... சாரோங்!

"சிவகாமி! என்ன இது?"

"சுருள் ஒரு தடவை ஓடினதும் திருப்பிப் போட்டு மறுபாதியில எடுக்கணும்னு தவுக்கே அன்னைக்கே சொன்னாருங்க. நீங்க கடைக் கண்ணாடியில கிராப்பு சீவிக்கிட்டிருந்தீங்க. பாதி வீணாகுதேன்னு முதல் நாளே டப்பாவுலேருந்து எடுத்து, நிழல்ல வச்சு உங்க கேமராவுல திருப்பிப் போட்டேன்."

"அப்ப நான் ஒரு வாரமா டப்பாவுல காவல் காத்தது?"

"குலா மலாக்கா வெல்லம். அளவா பொருந்துச்சு."

எனக்குக் கோபமே வரவில்லை. நான் எடுத்த பாதி ஆடியது. அவள் எடுத்த பாதி ஒரு மயிரிழைகூட அசையவில்லை!

கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்து ஓய்ந்தது. அப்பாசாமி கெஞ்சினார்.

"அண்ணே, இன்னொருதரம் போடுங்கண்ணே!"

"எதை, கொடி ஏறுறதையா?" என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

"இல்லண்ணே, நீங்க இறங்குறதை!"