எனக்கு நானே போட்ட ரிஜிஸ்டர் தபால்

எனக்கு நானே கடிதம் எழுதிக்கொண்டவன் நான். அதுவும் ரிஜிஸ்டர் தபாலில். பைத்தியம் பிடித்து அல்ல. ஒரு கண்டுபிடிப்பைக் காப்பாற்றுவதற்காக.

எழுபதுகளில், மூணாறுக்கு அப்பால் மலைமேல் இருக்கும் எங்கள் வட்டவடையில் கேரட்டைச் சாக்கில் கட்டி, ஓடையில் போட்டு, காலால் மிதித்துத்தான் கழுவுவோம். அந்தக் குளிரில் முழங்கால் வரை மரத்துப்போகும். அப்படி மரத்து நின்ற ஒரு நாளில்தான் யோசனை வந்தது. பழைய தகர டிரம் ஒன்றில் ஆணியால் ஓட்டைகள் குத்தினேன். நடுவில் ஒரு கம்பி, வெளியே நான்கு மரப்பலகை. ஓடைக்குக் குறுக்கே வைத்தால் தண்ணீரே டிரம்மை உருட்டும். உள்ளே கேரட் தானாகக் குளித்துக்கொள்ளும். யாரும் வராத மேட்டுப் பக்கம் வைத்துச் சோதித்தேன். ஓடியது!

ஊரில் எனக்குப் பேரே கிடையாது. 'மாடசாமி மகன்', 'முருகன் தம்பி', அவ்வளவுதான். (வாய் திறந்து பேசினால்தானே பேர் தெரியும்?) இந்த டிரம்மாவது என் பேரில் இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன்.

எஸ்டேட் ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்த அக்கா புருஷன் வழி சொன்னார்.

"மாப்ள, மொத வேல, எவங்கிட்டயும் வாயத் தொறக்காத. ரெண்டாவது, எல்லாத்தையும் எழுதி, படம் போட்டு, உம் பேருக்கே ரிஜிஸ்டர் பண்ணிரு. சீலப் பிரிக்காம வச்சுக்க. தேதிக்கு அதான் சாட்சி. அப்புறம் பேட்டன்ட்டு கேட்டு சர்க்காருக்கு அபேக்ஷை எழுதிக் குடுப்போம்."

(அந்தச் சாட்சி எந்த ஆபீஸிலும் செல்லாது என்பது எங்கள் இருவருக்குமே பின்னால்தான் தெரிந்தது.)

முதல் வேலை எனக்குப் பிறவியிலேயே கைவந்தது. இரண்டாவதை மூணாறு போய் முடித்துவிட்டு ஜீப்பில் திரும்பினேன். அந்தத் தபால் எங்கே வந்து சேரும் என்று மட்டும் யோசிக்கவில்லை. எங்கள் ஊரில் தபால் வீட்டுக்கு வராது, டீக்கடைக்கு வரும். படிக்கத் தெரியாதவர்களுக்குத் தபால்காரரே அங்கே உரக்கப் படித்துக் காட்டுவார்.

மூன்றாம் நாள் டீக்கடையில் என் பேர் முழங்கியது.

"ரிஜிஸ்டரா!" அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "கோர்ட்டு நோட்டீஸுதான். நெலத்து மேல எவனோ கேஸு போட்டுட்டான்."

தபால்காரர் உறையைத் திருப்பிப் பார்த்தார். "அனுப்புனவன் பேரும் இவன் பேருதான்யா. எவனோ இவன் பேருலயே இவனுக்கு மொட்டக் கடுதாசி போட்ருக்கான்!"

"நாந்தான்..." என்றேன். அது எனக்கே கேட்கவில்லை.

"பய நடுங்குறான் பாருங்க. பிரிங்கய்யா!" என்றார் அப்பா.

பிரித்தார். கணீரென்று படித்தார். டிரம்மின் அளவு, பலகையின் நீளம், ஓடையில் சாய்த்து வைக்கும் விதம், ஒன்றையும் விடவில்லை. 'இது பரம ரகசியம், யாரும் அறியக் கூடாது' என்ற கடைசி வரியையும் அதே குரலில் படித்தார். படம் கைமாறிக் கைமாறி, வடை எண்ணெயோடு என்னிடம் திரும்பி வந்தது.

ஒரே வாரத்தில் ஓடையில் ஆறு டிரம்கள். ஆனால் அவற்றிலிருந்து கேரட் வரவில்லை; பொரியலுக்குத் துருவியதுதான் வந்தது. ஒரு விஷயத்தை நான் எழுத மறந்திருந்தேன். ஓட்டையை உள்ளேயிருந்து வெளியே குத்த வேண்டும். வெளியேயிருந்து குத்தினால் தகரப் பிசிறு உள்ளே நீட்டிக்கொண்டு கேரட்டைத் துருவிவிடும்.

மச்சான் துள்ளிக் குதித்தார். "சாமி காப்பாத்திருச்சு மாப்ள! அதான் உன் பேட்டன்ட்டு. அபேக்ஷை குடுக்குற வரைக்கும் பேசாம இரு. ஒனக்கு அது கஷ்டமா என்ன?"

கஷ்டமே இல்லை, மறுநாள் காலை வரை. ஓடைக்கரையில் பக்கத்துக் காட்டுச் செல்லம்மா அத்தை இரண்டு கையிலும் துருவலை அள்ளி வைத்துக்கொண்டு நின்றாள். மேலே ரோட்டில் கேரட் ஏற்ற வந்த மூணாறு ஜீப் ஹாரன் அடித்தது.

"மூணு மாசப் பாடுடா இது" என்றாள்.

அன்றைக்கென்று பார்த்து எனக்கு வாய் திறந்துகொண்டது.

"உள்ளேர்ந்து குத்தணும் அத்தே! உள்ளேர்ந்து!"

(நான் அவ்வளவு சத்தமாகப் பேசியது வாழ்க்கையிலேயே அன்றுதான். அடுத்த மலையில் கேட்டதாக மச்சான் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.)

பேட்டன்ட் போயிற்று. டிரம்முக்கு ஊர் வைத்த பேர் 'ரிஜிஸ்டர்'. எனக்கும் அதே பேர்தான். எப்படியோ ஒரு பேர் கிடைத்துவிட்டது.

போன மாதம் மகளின் கல்யாணப் பத்திரிகைகளைத் தபாலில் சேர்த்தோம். அதில் ஒன்று எனக்கே வந்தது, ரிஜிஸ்டரில். அனுப்பியவள் மகள். உறை மேல் கொட்டை எழுத்தில், 'அப்பா, டீக்கடையில் பிரிக்காதீங்க.'

பிரிக்கவில்லை. சீலோடு பீரோவில் இருக்கிறது. தேதிக்கு அதுதான் சாட்சி.