மூன்றாம் கிளாஸ் துப்பாக்கிக்காரன்

ஆம்பூர், 1934

மகா கனம் பொருந்திய மைத்துனர் சுந்தரமூர்த்தி அவர்களுக்கு, கன்னியப்பன் எழுதிக்கொள்வது. இங்கே உம் அக்காள் அமிர்தவள்ளியின் முழங்கால் வலி நீங்கலாக யாவரும் சௌக்கியம். ஆற்காட்டில் உம் வீட்டார் சுகத்துக்கும், பாலாற்றில் தண்ணீர் வருவதற்கும் ஈசுவரனை வேண்டுகிறேன்.

நிற்க. உம் மகளுக்குப் பார்த்திருக்கும் நாட்றம்பள்ளி மாப்பிள்ளை பட்டாளத்தில் துப்பாக்கி சுடுவதில் இரண்டாம் கிளாஸாம். ரெண்டாந்தரத்துப் பையனுக்கா பெண் கொடுப்பது என்று சம்பந்தத்தையே நிறுத்தப் போகிறீராம். அவசரப்படாதீர். நானும் பட்டாளத்தில் இருந்தவன், அந்தக் கணக்கு எனக்குத் தெரியும். பலகையின் நடுக் கறுப்பில் குண்டு பட்டால் ஐந்து, சுற்றியுள்ள வளையத்தில் நாலு, அடுத்ததில் மூன்று, ஓரத்தில் இரண்டு. எங்குமே படாவிட்டால், பலகைக்கு அடியில் குழியில் இருப்பவன் சிவப்புக் கொடியை ஆட்டுவான். எல்லாவற்றையும் கூட்டி, உச்சத்தில் இருப்பவனுக்கு மார்க்ஸ்மன் பட்டம், சட்டைக் கையில் குறுக்குத் துப்பாக்கி முத்திரை. அப்புறம் முதல் கிளாஸ், இரண்டு, மூன்று. மூன்றுக்குக் கீழே கிளாஸ் கிடையாது. நான் மூன்று.

அது எப்படி என்றால், வேலூர் மலையடிவாரத்தில் வருஷப் பரீட்சை, பக்கத்தில் படுத்திருந்தவன் என் உயிர் தோஸ்த் முக்தார் அகமது, அவனுக்கு அன்றைக்கு நல்ல காய்ச்சல், கை நடுங்குகிறது, நானோ மூச்சை அடக்கி நடுக் கறுப்பிலேயே போடுகிறேன், போடப் போட எனக்குச் சிவப்புக் கொடிதான் ஆடுகிறது, பக்கத்துப் பலகையிலோ ஐந்து, மறுபடி ஐந்து, முக்தார் என் பக்கம் திரும்பி, "இன்னாடா கன்னியப்பா, என் குண்டெல்லாம் மண்ணுல போவுது, அங்க அஞ்சு காட்றானே!" என்றான், அப்போதுதான் விளங்கியது, நான் சுட்டதெல்லாம் அவன் பலகை. முக்தார் அந்தக் காய்ச்சலோடு எழுந்து துரையிடம் ஓடினான். "ஹுசூர், அதெல்லாம் இவன் போட்டது, என்னுது இல்ல" என்று கெஞ்சினான். அவனவன் பலகையில் பட்டதுதான் அவனவன் கணக்கு என்று துரை சொல்லிவிட்டார். முத்திரை அவனுக்கு வந்தது. லாங் பஜாரில் என்னோடு நடக்கும்போதெல்லாம் சட்டைக் கையை மடித்து அதை மறைத்துக்கொள்வான். "பிரிச்சி வுடுடா, நல்லாதானே கீது" என்பேன். கேட்க மாட்டான். போன ரம்ஜானுக்கு முன்னால் அவன் போய்ச் சேர்ந்தான். நாங்கள் சுட்ட அந்த மலையடிவாரத்தில் இப்போது தோல் காயப் போடுகிறார்கள், அந்த வழியாகப் போனால் தோல் நாற்றத்தையும் மீறி எனக்குத் துப்பாக்கி எண்ணெய் வாசனைதான் வருகிறது.

அந்தப் பரீட்சை நடந்த மாதமே உம் அக்காளைப் பெண் பார்க்க வந்தேன். மூன்றாம் கிளாஸ் என்று கேட்டதும் உம் தகப்பனார் வெற்றிலைத் தட்டைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். கதவுக்குப் பின்னாலிருந்து, "எனக்குச் சம்மதம், இவரையே கட்டிக்கிறேன்" என்று ஒரு குரல் வந்தது. அந்தக் குரலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. கிளாஸைப் பாராமல் மனுஷனைப் பார்த்தவள் அவள். நீரும் அப்படிப் பாரும்.

உம் மகள் தீர்க்க சுமங்கலியாக வாழ என் ஆசீர்வாதம். உம் மனைவியான என் தங்கைக்கு எங்கள் அன்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
கன்னியப்பன்

பின்குறிப்பு: இதை உம் அக்காளுக்கு வாசித்துக் காட்டினேன். "மூணுக்குக் கீழ கிளாஸே இல்லியா? பட்டாளம் மொத்தத்துல மூணாவதா வந்தவருன்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன்! தெரிஞ்சிருந்தா அப்பா பேச்சையே கேட்டிருப்பேனே!" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனவள் இன்னும் வெளியே வரவில்லை. ஆகையால் கல்யாணத்தை நடத்தும், ஆனால் மேலே எழுதிய கணக்கு எதையும் பெண்ணின் காதில் போடாதீர். பையன் பட்டாளத்திலேயே இரண்டாவது என்று நினைத்துக்கொள்ளட்டும்.