உலக நாடுகளின் வரியும் ஒரு மாப்பிள்ளையும்

அன்பும் மதிப்பும் நிறைந்த மச்சான் றாஸிக் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் உங்கள் ராத்தா ஹாஜறா, மகள் நுஸ்ஹா, நான் மூவரும் சுகம். என் சீனி வருத்தமும் குறையில்லாமல் நன்றாகவே இருக்கிறது. கட்டாரில் உங்கள் சுகத்துக்கு துஆச் செய்கிறோம். போனில் சொன்னால் குறுக்கே கதைப்பீர்கள், அதனால் மருதமுனையிலிருந்து கடிதமாகவே எழுதுகிறேன். நுஸ்ஹாவின் கலியாணத்துக்கென்று லீவு போட வேண்டாம். அந்த மாப்பிள்ளை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கவலை என்னவென்றால், பொடியன் தங்கமானவர். பெயர் றுமைஸ், ஊர் வரிப்பத்தான்சேனை, கம்பஸில் விரிவுரையாளர். பல நாடுகளில் கம்பனி வரி வளர்ந்த வரலாற்றை ஆராய்கிறார் என்று நுஸ்ஹா சொன்னதும் எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. காலமெல்லாம் தறி வைத்துச் சாரன் நெய்விக்கிறேன், கொழும்புக் கம்பனிகள் ஆளுக்கொரு வரி சொல்லித்தான் ஓடர் தருகிறார்கள், ஆனால் சாரனில் ஓடுகிற வரிக்கும் வரலாறு எழுத ஒருவர் பிறந்திருக்கிறார் என்று யார் கண்டது, அதுவும் ஊர்ப் பெயரிலேயே வரியோடு! ஜும்ஆவுக்குப் பிறகு வீட்டுக்கு அழைத்து, வட்டிலப்பம் வைத்து, எல்லா நாட்டு வரியையும் சொல்லுங்கள் என்றேன்.

சொன்னாரே மச்சான்! யப்பானில் 1899இலேயே கம்பனிக்கு வரி வந்துவிட்டதாம். அமெரிக்கா 1909இல் நூற்றுக்கு ஒன்று என்று மெல்லிசாகத் தொடங்கி, உலக யுத்தம் வந்ததும் கூட்டிவிட்டதாம். யுத்த காலத்தில் அவ்வளவு நூலுக்கு எங்கே போனார்கள் என்று கேட்டேன். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்து, நல்ல கேள்வி என்றார். இங்கிலாந்தில் வெகுகாலம் ஆளுக்குப் போட்ட வரியைத்தான் கம்பனிக்கும் போட்டார்களாம், 1965இல்தான் கம்பனிக்கென்று தனி வரியாம். எஸ்தோனியா என்று ஒரு நாடு, அங்கே நடப்பதுதான் புதுமை. "உள்ளுக்க வச்சிருந்தா வரியில்ல மாமா, பிரிச்சாத்தான் வரி" என்றார். மடிப்புக்குள் வரியை ஒளிக்கிற நெசவு! எழுந்துபோய்க் கட்டிப்பிடித்துவிட்டேன்.

அதோடு விட்டிருக்கலாம். நம் நாட்டுக்கு எப்போது வந்தது என்று கேட்டுத் தொலைத்தேன். "முப்பத்திரண்டுல மாமா. வெள்ளக்காரன் கொண்டந்தது."

எனக்கு வந்ததே கோபம்! அதற்கு முன்னர் என் வாப்பாவின் வாப்பா வெறும் வெள்ளைத் துணியா நெய்துகொண்டிருந்தார்? வட்டிலப்பத்தைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டேன். இந்தச் சம்பந்தம் சரிவராது என்று அவரை அனுப்பியும் விட்டேன். குசினிக்குள் இருந்த நுஸ்ஹாவுக்குக் காரணம் தெரியாது, நானும் சொல்லவில்லை. இத்தனை மாப்பிள்ளைகளில் அவள் ஓம் சொன்னது இவர் ஒருவருக்குத்தான். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. ஆனால் தறிக்காரனுக்கும் மானம் உண்டல்லவா?

வல்ல நாயன் உங்கள் வீட்டில் பரக்கத்தைப் பெருக்குவானாக.

இப்படிக்கு,
மச்சான் மீராமுகைதீன்

பி.கு.: தபாலில் போடக் கொடுத்த கடிதத்தை நுஸ்ஹா வாசித்துவிட்டாள். சிரித்துச் சிரித்து நிலத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். "வாப்பா, அது அரசாங்கத்துக்குக் கட்டுற வரி" என்றாள். எஸ்தோனியாவில் பிரிப்பது கம்பனியின் லாபத்தையாம், சாரனை அல்ல. உடனே றுமைஸுக்குப் போன் எடுத்து மன்னிப்புக் கேட்டேன். நூலைப் பற்றிக் கேட்டபோதே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டதாம். பிறகு ஏன் மகன், அப்போதே என்னிடம் சொல்லவில்லை என்றேன்.

"என்ட ஆராய்ச்சிய இவ்வளவு ஆசையாக் கேட்ட ஆள் நீங்க ஒராள்தான் மாமா. நிப்பாட்ட மனம் வரல்ல."

மச்சான், லீவு போடுங்கள்.