ஒரு கழுத்துக்கு எத்தனை எழுத்து

கழுத்து ஒடிந்தாலும் செரேயானாவின் கையில் கொடுப்பதில்லை என்று சபதம் எடுத்தேன்.

செரேயானா என் மனைவி. எங்கள் தீவில் லெவுகா ஊர் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி உதவியாளராகப் பயிற்சி எடுக்கிறாள். கிழங்கு மூட்டை தூக்கியதிலிருந்து என் கழுத்து இடது பக்கம் திரும்பவில்லை. நானோ சர்ச் பாடகர் குழுத் தலைவன். ஆண்குரல்கள் நிற்பது இடது பக்கம். பார்க்காவிட்டால் அவர்கள் அடுத்த பாட்டுக்கே போய்விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை தலைமைப் போதகர் வேறு வருகிறார்.

"கொஞ்சம் பிடிச்சு விடறேனே, லோசா அப்பா."

"வேண்டாம்! போன தடவை முதுகைப் பிடிச்சே. ரெண்டு நாள் நாலு கால்ல நடந்தேன்."

பெருமூச்சு விட்டுப் புத்தகத்தைத் திறந்தாள். "சரி, படிப்புக்காவது உதவுங்க. நாளைக்கு வாய்மொழிப் பரீட்சை. இந்தப் பேரு வாயில நுழையல."

ஸ்டெர்னோக்ளைடோமாஸ்டாய்ட்.

"என்ன இது?"

"கழுத்துத் தசை."

"ஒரு கழுத்துக்கு இத்தனை எழுத்தா!"

சொல்லை உடைத்துப் பாட வைப்பதுதானே என் தொழில்? கை தட்டினேன். "ஸ்டெர். நோ. க்ளை. டோ. மாஸ். டாய்டோ!"

"டாய்ட். மெய்யெழுத்துல முடியணும்."

"நம்ம ஊர் வாயில எந்தச் சொல்லும் உயிர்லதான் முடியும்."

"உடம்போட பேரு. மெய்யிலயே முடியட்டுமே."

"சரி, சொல்லு."

"தொட்டுச் சொன்னா மனசுல நிக்கும்." விரல் என் நெஞ்செலும்பில் அமர்ந்தது. "ஸ்டெர், நோ." காறை எலும்புக்கு நகர்ந்தது. "க்ளோ, டை."

"க்ளை, டோ! மறுபடி!"

மறுபடி நெஞ்சு. மறுபடி காறை எலும்பு. மெல்ல மேலேறிக் காதுக்குப் பின்னால் "மாஸ்டாய்ட்". ஒவ்வொரு தப்புக்கும் முதலிலிருந்து. அவள் இவ்வளவு மக்காக இருந்து நான் பார்த்ததே இல்லை.

"தேங்காய் எண்ணெய் எதுக்கு?"

"சொல்லு வழுக்கிட்டு வரும்."

கதகதப்பாக இருந்தது. கண் சொருகியது. வாய் மட்டும் "க்ளை, டோ" என்றது.

இடது ஜன்னலில் பக்கத்து வீட்டு டிமலேட்டி தலை நீட்டினாள். "செரேயானா! போன வாரமே பாஸாமே! சொல்லவேயில்ல?"

நான் வெடுக்கென்று அவள் பக்கம் திரும்பினேன்.

திரும்பிவிட்டேன்!

"பரீட்சை நாளைக்குன்னியே?"

"ராத்திரியெல்லாம் முனகறீங்க. பகல்ல சபதம் போடறீங்க. வேற என்னதான் பண்றது நான்?" எண்ணெய்க் கையால் என் கன்னத்தைத் தட்டினாள். பிறகு அந்தச் சொல்லை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனாள்.

அப்போதுதான் தெரிந்தது, பாடம் நடந்தது அவளுக்கல்ல, என் கழுத்துக்கு.