பிலிப்பைன்ஸ் எருமை

போர்ப்படத்தில் முக்கியமானது துப்பாக்கி என்று பொதுவாக நம்பப்படுகிறது. நானும் நம்பியிருந்தேன். மாபெரும் தவறு. முக்கியமானது எருமை.

அன்று எனக்கு இருந்த வேலை ஒன்றுதான். ஓசூர் டூரிங் கொட்டாயில் இங்கிலீஷ் படம் ஓடும்போது, மைக்கைப் பிடித்துக் கதை சொல்ல வேண்டும். பிலிப்பைன்ஸில் ஒரு கிராமம். ஜப்பான் சிப்பாய்கள் வந்து அதைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

நான் ஹைஸ்கூலில் சரித்திர வாத்தியார்.

"கதை தெரியுமா சார்?" என்று கேட்டார் கொட்டாய் முதலாளி நஞ்சப்பா.

"சரித்திரமே தெரியும்!" என்றேன்.

படத்தைப் பார்த்திருக்கிறேனா என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

"பாத்து சொல்லுங்க சார். போன மாசம் ரீல் அறுந்ததுக்கே கயித்த அறுத்துட்டானுங்க. கொட்டாய் தல மேல வுழுந்துச்சி. இது புதுத் துணி. இதுவும் கிழிஞ்சா, நான் கடைய கட்டிக்கினு போவ வேண்டியதுதான்."

"கவலையை விடுங்கள்!"

விளக்கு அணைந்தது. திரையில் ஒருவர் எருமையைப் பூட்டி உழுதுகொண்டிருந்தார். ஊர்த்தலைவராம். நான் ஸ்பெயின்காரர்கள் அந்தத் தீவுகளுக்குக் கப்பலில் வந்ததிலிருந்து ஆரம்பித்தேன்.

முன்னால் மணலில் உட்கார்ந்திருந்த எல்லம்மா திரும்பினாள். மத்திகிரியில் பால் வியாபாரம் செய்பவள்.

"சாரு, படத்துல இல்லாதவன் கத எதுக்கு? இருக்கறவன சொல்லு!"

ஸ்பெயினைக் கைவிட்டேன்.

இரண்டாவது ரீலில் சிப்பாய்கள் வந்தார்கள். மூன்றாவதில் ஊர்த்தலைவரைச் சுட்டார்கள். கொட்டாய் "ச்சு" கொட்டியது. பிறகு அவருடைய எருமையை அவிழ்த்து ஓட்டிக்கொண்டு போனார்கள்.

கொட்டாய் எழுந்து நின்றது!

"அய்யய்யோ, ஓட்டிக்கினு போறானுங்களே!"

"அது சின எருமைடா!" என்று கத்தினார் மாரப்பன். மத்திகிரி மாட்டுப் பண்ணையில் வேலை. "வயித்தப் பாரு, ஏழு மாசம்!"

படம் எடுத்தவருக்கே தெரியாத செய்தி. ஆனால் பண்ணை ஆள் சொன்னால் அப்பீல் கிடையாது. சினை எருமையை ஏரில் பூட்டுவார்களா என்று நான் நியாயம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கூட்டத்தை அடக்க வேண்டுமே என்று மைக்கில் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டேன்.

"உட்காருங்கள்! கடைசியில் எருமை திரும்பி வந்துவிடும்!"

உட்கார்ந்தார்கள். அதன்பின் ஒன்றரை மணி நேரம் குண்டு வெடித்தது. பாலம் இடிந்தது. காதலன் செத்தான். நான் தொண்டை கிழியச் சொன்னேன். ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் எருமைக்காகக் காத்திருந்தார்கள்.

ஜப்பான்காரர்கள் ஓடினார்கள். கொடி ஏறியது. படம் முடிந்தது.

எருமை வரவில்லை.

"எரும எங்க சாரு?" என்றாள் எல்லம்மா.

அதையே பின்னால் தெலுங்கில் கேட்டார்கள். பெஞ்சிலிருந்து கன்னடத்தில் கேட்டார்கள். மூன்று மொழியிலும் எனக்குப் பதில் தெரியவில்லை.

"ரீல வெட்டிட்டானுங்க!" என்றார் மாரப்பன். அவர் கை ஏற்கெனவே கொட்டாய்க் கயிற்றின் மேல் இருந்தது.

நஞ்சப்பா மேலே புதுத் துணியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் மிஷின் ரூமுக்கு ஓடினேன்.

"முதல் ரீலைப் போடப்பா!"

"அது மொதல்ல போட்டாச்சே சார்!" என்றார் ஆபரேட்டர்.

"இப்போது அதுதான் கடைசி. போடு!"

போட்டார். திரை வெளுத்தது. வயல். தென்னை. நடுவில், கொம்பை ஆட்டிக்கொண்டு, எருமை!

விசில் காதைப் பிளந்தது. மாரப்பன் கயிற்றை விட்டுவிட்டுக் கை தட்டினார். எல்லம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எளச்சிப் போச்சி பாவம்," என்றாள்.

"ஈனிடுச்சி, அதான்," என்றார் மாரப்பன்.

எருமைக்குப் பின்னால், மூன்றாவது ரீலில் செத்துப்போன ஊர்த்தலைவர் ஏர் பிடித்துத் தெம்பாக நடந்து வந்தார். அவரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் படப்பெட்டி பர்கூர் கொட்டாய்க்குப் போனது. முதல் ரீல் டப்பாவின் மேல் சாக்பீஸால் 'கடைசி' என்று எழுதியிருந்தது. கையெழுத்து என்னுடையது.